உயிர் எழுதாத சுருள்

திருக்கனூரில் நான் குடியிருக்கும் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, காகிதக் கூழ் பொம்மை செய்து ஜீவனம் நடத்தும் ஒரு குடும்பம் இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்று வெளியூர்களிலும் பெயர் தெரிந்துவிட்ட அந்தக் கைத்தொழிலில் முதல் வேலை, பழைய காகிதத்தைக் கிழித்துத் தொட்டியில் ஊறப்போடுவதுதான். ஊறியதை இடித்துக் கூழாக்கிப் பசை கலந்து அச்சில் அப்பிக் காயவைத்து வர்ணம் தீட்டினால், நேற்று வரையில் கணக்கு நோட்டாகவும் செய்தித்தாளாகவும் இருந்தது நாளை மயிலாகவும் தலையாட்டி பொம்மையாகவும் நிற்கும். ஒரு நாள் பிற்பகலில் நான் அங்கே போயிருந்தபோது, அந்த வீட்டு அம்மாள் திண்ணையில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்துக் காகிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். தொட்டிக்குப் போகும் குவியல் ஒரு பக்கம் ஏறிக்கொண்டே வர, அவருடைய முழங்காலருகில் சிறியதாக வேறொரு அடுக்கும் சேர்ந்துகொண்டிருந்தது: தலைப்பில் பிள்ளையார் படம் அச்சிட்ட கல்யாணப் பத்திரிகைகள், முருகன் படம் போட்ட பழைய காலண்டர் தாள், அட்டை போன ஒரு தோத்திரப் புத்தகத்தின் நாலைந்து ஏடுகள்.

“இதெல்லாம் எதுக்கும்மா தனியா?” என்று கேட்டேன்.

“சாமி பேரு இருக்குதுங்க ஐயா. அதை உலக்கையில போட்டு இடிக்க மனசு வராது. ஆத்துல விட்டுடுவோம்” என்றார், கையை நிறுத்தாமலே.

சங்கராபரணியில் எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது எங்கள் பக்கத்தார் அறிந்ததே; ஆனால் என் மனத்தைப் பற்றிக்கொண்டது ஆறு அல்ல, அந்த ‘மனசு வராது’ என்ற சொல். ஏறக்குறைய ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால், கெய்ரோ நகரை அடுத்த ஃபுஸ்தாத்தில் இருந்த யூதர்களும் இதே சொல்லைத்தான் தங்கள் பாஷையில் சொல்லியிருக்க வேண்டும். ஈசுவர நாமம் எழுதப்பட்ட ஏட்டை அழிக்கலாகாது என்பது அவர்களுடைய சாஸ்திர விதி. நைந்துபோன சுருளையும் கிழிந்துபோன பிரார்த்தனைப் புத்தகத்தையும் ‘கெனீசா’ என்ற ஒதுக்கறையில் சேர்த்துவைத்துப் பிற்பாடு பூமியில் அடக்கம் செய்வார்கள். பழுதுபட்ட வேதச்சுருளை மண்தாழியில் இட்டு, கற்றறிந்த ஒருவரின் சமாதிக்கருகில் புதைக்கலாம் என்று அவர்களுடைய பழைய சாஸ்திரத் தொகுப்பான தல்மூத் கூறுகிறது. முதுமக்கள் தாழிகளைக் கண்டெடுத்த நாட்டில் பிறந்த எனக்கு, ஒரு நூலுக்கும் தாழி உண்டு என்று படித்த அன்று உடம்பு சிலிர்த்தது.

ஃபுஸ்தாத்தின் பென் எஸ்ரா யூதப்பள்ளியில் அந்த ஒதுக்கறை நூற்றாண்டுக் கணக்காக நிரம்பிக்கொண்டே இருந்தது. 1896-97இல் சாலமன் ஷெக்டர் என்ற பண்டிதர் அதிலிருந்து கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோன துணுக்குகள் மட்டும் ஏறக்குறைய 2 லட்சம். தெய்வப் பெயர் எதிலாவது இருந்துவிடுமோ என்ற அச்சத்தால், ஹீப்ரு லிபியில் எழுதிய கடிதம், வியாபாரக் கணக்கு, கடன் பத்திரம் எல்லாமே அங்கே சேர்ந்துவிட்டன. அவற்றில் நம் மேற்குக் கரை மங்களூரிலிருந்து சென்ற காகிதங்களும் இருந்தன. 12ஆம் நூற்றாண்டில் துனீசியாவிலிருந்து வந்து மலபாரில் சுமார் 17 வருஷம் தங்கி, பித்தளைப் பட்டறை நடத்திய ஆபிரகாம் பென் யீஜு என்ற வர்த்தகர், 1132இல் ஆஷு என்ற நம் நாட்டு அடிமைப் பெண்ணை விடுவித்த சாசனத்தின் நகல்கூட அங்கிருந்து கிடைத்ததுதான். ஏடன் நகரத்து நண்பர்கள் அவருக்குச் சர்க்கரையும் உலர்ந்த திராட்சையும் அனுப்பியபோது அவற்றோடு வெற்றுக் காகிதத்தையும் அன்பளிப்பாக அனுப்பிவைத்தார்கள். ஓலையிலும் செம்பிலும் எழுதிக்கொண்டிருந்த நாட்டில் அவருக்குக் காகிதம் எங்கே கிடைக்கும்!

நம்மிடமும் இந்தப் பக்தி இல்லாமலில்லை. அது போன வழி வேறு. பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டார்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த சுவடிகளை நெய்யில் தோய்த்து அக்கினியில் இட்டுவிட்ட செய்தியை உ.வே. சாமிநாதையர் தம் சரித்திரத்தில் எழுதியிருப்பதைப் படித்துக் கண் கலங்காத தமிழன் இருக்க முடியாது. அங்கே இருந்ததும் சிரத்தை, ஃபுஸ்தாத்தில் இருந்ததும் சிரத்தை. ஒன்று நூலை நாசம் செய்தது, மற்றொன்று சல்லிக் கணக்கையும் விடாமல் காப்பாற்றிக் கொடுத்தது என்பதை எண்ணிப் பார்க்கையில், ஒரு சமூகம் தன் நூலிடத்தில் வைக்கும் மரியாதை எந்த ரூபத்தை மேற்கொள்கிறது என்பது சாமானியமான கேள்வி அன்று என்பது விளங்கும். யூதர்கள் தங்கள் நூலுக்குச் செய்யும் மரியாதையின் பிரதான ரூபம், அதைப் பேழையில் வைத்துப் பூட்டுவதன்று. சபை நடுவே குரலெடுத்து வாசிப்பது.

அந்த வாசிப்பின் நுட்பத்தை ஒரு தமிழ் வாசகருக்கு விளக்குவது எளிது. அதற்கு வேண்டிய இரண்டு சொற்களைத் தொல்காப்பியர் காலத்து இலக்கணமே நமக்குத் தந்துவைத்திருக்கிறது. தோரா என்னும் ஐந்து ஆகமங்களை, அவர்களுடைய விதிப்படி சுத்தமான பிராணியின் தோலைப் பதப்படுத்திய ஏட்டில், இறகுக் கோலால், 3,04,805 எழுத்துக்களாக எழுத வேண்டும். ஓர் எழுத்துக் குறைந்தாலும், ஓர் எழுத்து மற்றொன்றோடு ஒட்டிக்கொண்டாலும், திருத்தும் வரையில் அந்தச் சுருள் சபையில் வாசிக்கத் தகாதது. இத்தனை கட்டுப்பாட்டோடு எழுதும் அந்தச் சுருளில் எழுதப்படுபவை மெய்யெழுத்துக்கள் மாத்திரமே. சில மெய்கள் நெட்டுயிரின் குறிப்பாக ஆங்காங்கே நிற்பதுண்டு. மற்றபடி உயிர்க்குறி இல்லை, நிறுத்தக்குறி இல்லை, பாட வேண்டிய இசைக்குறியும் இல்லை. ஸ, ப, ர என்று மூன்று மெய்கள் நின்றால் ‘ஸேஃபெர்’ என்று படித்து நூல் என்று கொள்ளலாம். ‘ஸாஃபர்’ என்று படித்து எண்ணினான் என்று கொள்ளலாம். ‘ஸிப்பேர்’ என்று படித்து எடுத்துரைத்தான் என்றும் கொள்ளலாம். உயிரைக் கொடுக்க வேண்டியவன் வாசிப்பவன். வாரம் முழுவதும் குருவினிடத்தில் பாடம் கேட்டு, எந்த மெய்யின்மேல் எந்த உயிர் ஏறும், எந்தச் சொல் எந்த ராகத்தில் இழையும் என்பதையெல்லாம் நெஞ்சில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றாலன்றி, கண்ணெதிரே சுருள் விரிந்து கிடந்தும் அவனுக்கு வாய் திறக்காது.

நம் ஓலைச்சுவடியும் இப்படித்தான் இருந்தது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று புள்ளியை விட்டுவிட்டு எழுதிய காலத்தில், எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே உருவம். ஆகவே ‘எரி’ என்பதும் ‘ஏரி’ என்பதும் ஏட்டில் ஒன்றுபோலவே காட்சி தரும். நெருப்பா நீரா என்று தீர்மானிக்க வேண்டியவர் படிப்பவர். பின்னால் வீரமாமுனிவர் முதலானோரின் முயற்சியாலும் அச்சுயந்திரத்தாலும் அந்தத் தொல்லை நீங்கிற்று; அதைக் குறைவாகச் சொல்ல எனக்கு எண்ணமில்லை, அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் இன்று எத்தனை பேர் படிப்பார்கள்! ஆனால் யூதர்கள், உயிர்க்குறிகளை ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே கண்டுபிடித்துத் தங்கள் மற்றப் புத்தகங்களிலெல்லாம் எழுதிக்கொண்டிருந்தும், தோராச் சுருளில் மட்டும் அவற்றை இன்று வரையில் இட மறுத்துவருகிறார்கள். உயிருக்கு இடம் வைத்து மெய்யை மட்டும் எழுதும் அந்த ஸம்பிரதாயத்தில், வேதம் முழுமையடைய ஒரு மனிதக் கண்டம் வேண்டும் என்ற விச்வாசம் அடங்கிக் கிடப்பதாக நான் நம்புகிறேன்.

அந்தக் கண்டம் தனியாகவும் இருக்க முடியாது. வயது வந்த ஆடவர் பத்துப் பேர் கூடினாலொழியச் சபையில் தோரா வாசிப்பு இல்லை என்பது அவர்களுடைய பழைய நியமம். ஓய்வுநாளாகிய சனிக்கிழமை காலையில் ஏழு பேரை ஒருவர்பின் ஒருவராக மேடைக்கு அழைப்பார்கள். விரல் படக் கூடாதென்று வெள்ளிக் கோலால் வரியைச் சுட்டிக்கொண்டு வாசிப்பு நடக்கும். பொருள் மாறும்படி ஓர் உயிர் பிசகினால், சபையிலிருந்தே குரல் எழும். வாசிப்பவர் எத்தனை பெரியவரானாலும் திரும்பிச் சென்று சரியாகச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பூர்வத்தில் பக்கத்திலேயே ஒரு மொழிபெயர்ப்பாளர் நின்று, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாமரருக்கும் விளங்கும்படி வசனத்துக்கு வசனம் நாட்டு பாஷையில் சொல்லிவருவதும் உண்டு. ஏடு பார்த்து அவர் சொல்லக் கூடாது, அவருடைய வார்த்தையே வேத வார்த்தை என்று யாரும் மயங்கிவிடாதிருக்கும் பொருட்டு. எங்கள் செஞ்சி, விழுப்புரம், புதுவை வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. வில்லிபாரதச் செய்யுளை இசையோடு பாடி, உடனே அதைப் பேச்சுத் தமிழில் விரித்துச் சொல்லும் பாரதப் பிரசங்கியாரும், எழுத்தறியாதவராயினும் கதையில் ஒரு கிளைப் பெயர் தவறினால் எடுத்துக் கொடுக்கும் கிழவியும் சேர்ந்துதான் அங்கே பாரதம் பாரதமாகிறது. மழை வேண்டி விராட பருவம் படிக்கும் ஊர்களில், மேகம் வரும் வரையில் கலையாமல் உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

மழையைப் பற்றிச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தோராவை ஓய்வுநாளில் மட்டுமல்லாமல் திங்களும் வியாழனும் வாசிப்பது ஏன் என்ற கேள்விக்கு அவர்களுடைய குருமாரான ரப்பிமார் சொன்ன சமாதானம், இஸ்ரவேலர் வனாந்தரத்தில் மூன்று நாள் தண்ணீரின்றித் தவித்தார்கள், தோராவே தண்ணீர், அது இல்லாமல் மூன்று நாள் ஒருவன் இருக்கலாகாது என்பது. இதற்கு லௌகிகமான துணைக் காரணமும் உண்டு: அந்த இரண்டு நாளும் பட்டணத்தில் சந்தை கூடும் நாட்கள். கிராமத்தான் தானியம் கொண்டு வருவான். வந்த இடத்தில் வேதத்தையும் கேட்டுப் போகட்டும் என்று வேதபாரகர் எஸ்ரா ஏற்படுத்தினார் என்பது மரபு. எங்கள் கொம்யூனில் மதகடிப்பட்டுச் சந்தைக்குச் செவ்வாய்க்கிழமை மாடு ஓட்டிக்கொண்டு போகும் குடியானவரைப் பார்க்கும்போதெல்லாம், தும்பைப் பிடித்த கையோடு ஒரு ஓரமாக நின்று மூன்று அழைப்பு வரையில் வேதம் கேட்டுவிட்டுப் பேரத்துக்குப் போன அந்தப் பழைய யூதக் குடியானவனை நினைத்துக்கொள்வேன். வேதத்துக்காக அவன் தொழிலை விட்டு வர வேண்டும் என்று சொல்லாமல், அவன் தொழில் கூடும் இடத்துக்கு வேதத்தைக் கொண்டுவந்து வைத்தார்களே, அது பெருந்தன்மை.

இவையெல்லாம் ஏதோ கடல் கடந்த தேசத்துச் சமாசாரம் என்று நினைக்க வேண்டியதில்லை. கி.பி. 1000 வாக்கில் சேரப் பெருமாள் பாஸ்கர ரவி, யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகச் சங்க உரிமையையும் பகல்விளக்கு, பல்லக்கு, குடை முதலிய 72 உரிமைகளையும் கொடுத்த செப்பேடு, வட்டெழுத்தில், தமிழர் எளிதில் இனம் கண்டுகொள்ளும் பாஷையில் எழுதப்பட்டது; இன்று வரையில் கொச்சியில் யூதரிடத்தில் போற்றப்பட்டு வந்திருக்கிறது.

கொச்சி யூதப்பள்ளிகளில் வாசிப்பு எப்படி நடந்ததென்று அறிவது இன்பம் தருவது. கீழே நடுவில் ஒரு மேடை இருக்க, மாடியில் பெண்கள் இருக்கைக்கு முன்னால் இரண்டாவது மேடை ஒன்றும் உண்டு. கேரளத்துக்கே உரிய அந்த மேல்மேடையிலிருந்து தோராவை வாசிக்கும்போது, பெண்கள் மூங்கில் தட்டி ஒத்த மறைப்புக்குப் பின்னாலிருந்து அதை மிக அருகே கேட்டார்கள். அவர்களே மலையாளத்தில் வேதக் கதைகளைப் பாட்டாகப் பாடி, நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்து மகளுக்கும் மருமகளுக்கும் கொடுத்தார்கள். 1568இல் கட்டிய மட்டாஞ்சேரிப் பரதேசிப் பள்ளிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். வருஷ வாசிப்பு முடியும் சிம்ஹத் தோராத் திருநாளில், சுருள்களை ஏந்திக்கொண்டு பள்ளியை வெளியே வலம் வருவார்கள். உற்சவ மூர்த்தி வீதிவலம் வரும் நாட்டில் வாழ்ந்தவர்களின் கால் அந்த வழியைத் தானாகவே அறிந்துகொண்டது போலும்.

அதே பள்ளியில்தான் நெஞ்சை உறுத்தும் மற்றொன்றும் நடந்தது. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் சந்ததி என்று சொல்லி, யூதர்களில் ஒரு பிரிவினரை உள்ளே பலகையில் உட்காரவிடாமல், தோரா வாசிக்க மேடைக்கு அழைக்காமல், முன்னறைத் தரையில் ஒதுக்கிவைத்திருந்தார்கள். அந்தப் பிரிவில் 1882இல் பிறந்து, சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரான ஆபிரகாம் பராக் சேலம், காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையைப் பள்ளிக்குள்ளேயே கைக்கொண்டார். தடுத்த இடத்தில் உட்கார்ந்து, மாதக் கணக்கில் அல்ல வருஷக் கணக்கில் போராடினார். வைக்கத்தில் வீதிக்காகவும் திருவிதாங்கூரில் கோயில் வாசலுக்காகவும் நம்மவர் போராடிய அதே காலம் அது. அந்தத் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து 1940களுக்குள் நீங்கின. மெய்யெழுத்துக்கு உயிர் கொடுக்க எந்தக் கண்டத்துக்கு அதிகாரம் என்ற கேள்விக்குச் சேலம் தம் வாழ்நாளையே விடையாக வைத்தார்; 1967இல் அவர் காலமாகும் வரையில் கொச்சியை விட்டுக் குடிபெயரவில்லை. யூதர் வாழ்ந்த அந்தப் பகுதியில் ஒரு சாலைக்கு இன்று அவர் பெயர்.

வாசிப்பே தலை என்று இதுவரை எழுதிவந்த எனக்கு, எதிர்வாதமாக நிற்பவர்கள் கொங்கணத்து பெனே இஸ்ரவேலர் என்ற யூதர். கப்பல் உடைந்து கரையேறிய முன்னோரின் சந்ததி என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் இவர்களிடம் பூர்வத்தில் தோராச் சுருள் இருக்கவில்லை, ஹீப்ரு பாஷை மறந்துபோயிற்று, ரப்பியும் இருக்கவில்லை. எஞ்சியிருந்தவை விருத்தசேதனம், உணவு விதி, இஸ்ரவேலின் கர்த்தர் ஒருவரே என்று அறிக்கையிடும் ஷெமா என்ற சிறு ஜபம், ஓய்வுநாள் ஆகியவை. அவர்கள் தொழில் செக்காட்டுவதாக இருந்தது. சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. அதனாலேயே அக்கம்பக்கத்து மராட்டியர் அவர்களுக்குச் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை ஓயும் வாணியர், என்று பெயரிட்டார்கள். தாவீது ரஹாபி என்ற பெரியவர் வந்து, பல தினுசு மீன்களைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னபோது, அந்த வீட்டுப் பெண்கள் துடுப்பும் செதிளும் இல்லாத மீன்களைத் தனியே எடுத்து ஒதுக்கிவிட்டார்கள், அதைக் கண்டு அவர் இவர்கள் யூதரே என்று தெளிந்தார் என்பது அவர்களிடையே வழங்கும் கதை.

சரித்திரமா கர்ணபரம்பரையா என்று அந்தக் கதையைச் சோதிக்க நான் முற்படவில்லை. அரிவாள்மணையின் முன் உட்கார்ந்து மீனைத் தள்ளிவைத்த அந்தக் கை, எனக்கு இங்கே திண்ணையில் காகிதத்தைத் தள்ளிவைத்த கையாகவே தெரிகிறது. ஏடு இல்லாதபோது வேதம் கையில் குடியிருந்தது. எண்ணெய்க்கு நல்ல விலை இருந்த சனிக்கிழமைகளிலும் செக்கை நிறுத்திவிட்டு மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டிய மனிதன், ஓர் அட்சரம் அறியாமலே தோராவை வாசித்துக்கொண்டிருந்தான். ரப்பிமார் ஓய்வுநாளில் செய்யக் கூடாத வேலைகளை 39 வகையாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். விதைப்பதில் தொடங்கி நெருப்பு மூட்டுவது, ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குச் சுமப்பது வரையில் நீளும் அந்தப் பட்டியலைப் படிப்பவர்கள், இது என்ன தளைமேல் தளை என்று கருதக்கூடும். எனக்கோ அது, சுருளில் உயிருக்கு விட்ட இடத்தைப் போல வாரத்தில் மனிதனுக்கு விட்ட இடமாகத் தோன்றுகிறது. அடிமையும் வேலைக்காரியும் மாடும்கூட அன்று ஓய வேண்டும் என்று அந்த விதி பெயர் சொல்லி விதிக்கிறது அல்லவா?

வயலிலும் இப்படி ஓர் இடம் விட வேண்டும். அறுவடையில் வயலின் மூலையை அறுக்காமல் ஏழைக்கு விட்டுவிடுவது தோராவின் கட்டளை. அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்பது ரப்பிமார் வரையறை. நெல்லும் கரும்பும் விளையும் எங்கள் ஊரிலும், களத்துமேட்டில் வந்து நிற்பவருக்கு முறத்தில் அள்ளிப்போடும் வழக்கம் இருந்தது. அறுத்த தாளடியில் கதிர் பொறுக்கிப் பிள்ளை வளர்த்த கிழவிகளை நான் அறிவேன். ஆயினும் அங்கே உள்ள விசேஷம் ஒன்று உண்டு. சொந்தக்காரன் அறுத்துக் கையில் எடுத்துக் கொடுப்பதன்று அது. ஏழை தானே இறங்கி, தானே அறுத்துக்கொள்கிறான். இன்ன ஏழைக்கு என்று பார்த்து விடவும் நிலத்துக்காரனுக்கு அதிகாரமில்லை. கொடுத்தேன் என்ற அகங்காரத்துக்கும் பெற்றேன் என்ற கூச்சத்துக்கும் அந்த மூலையில் இடமில்லாமல் செய்துவிட்ட சாஸ்திரகாரரை நினைத்து எத்தனையோ முறை மனத்தால் வணங்கியிருக்கிறேன்.

1948க்குப் பிறகு, அதிலும் 1954-55இல், கொச்சி யூதர் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். எர்ணாகுளத்துக் கடவும்பாகம் பள்ளியின் முன்கூடத்தில் வெகுகாலம் வண்ணமீனும் பூச்செடியும் விற்கும் கடை நடந்தது. நடத்தியவர் அந்தச் சமூகத்தவர், உள்ளே இருந்த பழைய மண்டபத்தையும் அவரே காத்துவந்தார். மட்டாஞ்சேரியில் பரதேசிப் பள்ளி இன்றும் நிற்கிறது. நீலச் சீன ஓடுகள் பாவிய தரை, தொங்கும் கண்ணாடி விளக்குகள், பேழைக்குள் சுருள்கள், திருவிதாங்கூர் மகாராஜா 1805இல் அளித்த பொற்கிரீடம் எல்லாம் இருக்கின்றன. பத்துப் பேர் இல்லை. மெய்கள் 3,04,805ம் அங்கே சுருண்டு கிடக்கின்றன. பல வருஷங்கள் அங்கே இருந்த வழக்கம் என்னவென்றால், ஓய்வுநாளில் ஊர் பார்க்க வந்த யூதப் பிரயாணிகள் எவரேனும் தெருவில் தென்பட்டால் அவர்களையும் சேர்த்துக்கொண்டு எண்ணுவார்கள். ஏழு, எட்டு, ஒன்பது என்று எண்ணிக்கை வந்து நின்றுவிட, நியூயார்க்கிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த, முன்பின் அறியாத ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைக்கிறார். பேழையின் திரையை விலக்குகிறார்கள்.